ஐந்தடி நிழலும் ஐம்பது மாடியும்

சிங்கப்பூருக்கு முதன்முறையாகப் போய் இறங்கும் பிரயாணி, மரினா விரிகுடாவின் ஓரத்தில் நின்று, மூன்று கோபுரங்களின் தலைமீது கப்பலொன்றை ஏற்றி வைத்தாற்போல் விளங்கும் ஹோட்டலையும், எதிர்க்கரையில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எழும்பியிருக்கும் வங்கிக் கட்டிடங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, நகர வளர்ச்சி என்றால் இதுதான் என்று தீர்மானித்துக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டவை அவை. ஆனால் ஒரு நகரம் எப்படி வளர்ந்தது, யாருக்காக வளர்ந்தது என்பதை அறிய விரும்புகிறவர்கள், வாசற்படிக்கும் வீதிக்கும் நடுவே கிடக்கும் கொஞ்சம் இடத்தைக் கவனிப்பது அதிகப் பிரயோஜனம் தரும் என்பது என் அபிப்பிராயம். சிங்கப்பூரில் அந்தக் கொஞ்சம் இடத்துக்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அது சட்டத்தினால் பிறந்து, கலகத்தினால் காக்கப்பட்டு, பல இடங்களில் இடித்துத் தள்ளப்பட்டு, வேறு உருவத்தில் மறுபடியும் பிறந்த சரித்திரம்.

1819-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை நாட்டிவிட்டுப் போனார். 1822-இல் அவர் திரும்பி வந்து பார்த்தபோது, துறைமுகத்தைத் தேடி வந்த ஜனங்கள் இஷ்டப்படி குடிசை போட்டு, ஊர் ஒரே குழப்பமாக வளர்ந்திருந்தது. உடனே ஒரு கமிட்டியை நியமித்து, சீனருக்கு இந்தப் பகுதி, சூலியருக்கு, அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு, இந்தப் பகுதி, அரபுக்களுக்கும் பூகிஸ்காரர்களுக்கும் அந்தப் பகுதி என்று கோடு கிழித்தார். அதை வரைபடமாக எழுதியவர் லெப்டினன்ட் பிலிப் ஜாக்ஸன். அந்தக் கோடுகளைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றைவிட நெடுங்காலம் நிலைத்தது, அதே சமயத்தில் அவர் விதித்த சிறிய நிபந்தனை ஒன்று: வீதியோரம் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் முன்புறத்திலும் குறிப்பிட்ட அகலத்துக்கு ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும், அது அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்ந்து, வீதியின் இரு பக்கமும் தொடர்ச்சியான, எப்போதும் திறந்திருக்கிற, கூரையுள்ள நடைபாதையாக அமைய வேண்டும்.

வெயிலும் மழையும் ஒன்றன்பின் ஒன்றாகவும் சில சமயங்களில் ஒருமிக்கவும் வந்து தாக்கும் பூமத்தியரேகை நாட்டில் இதைக் காட்டிலும் புத்திசாலித்தனமான விதி ஒன்றைக் கற்பனை செய்வது கடினம். நம் ஊர்த் திண்ணையும் வழிப்போக்கனுக்கு நிழல் தந்தது; ஆனால் திண்ணை வீட்டுக்காரனுடைய தர்மம், அவன் மனம் வைத்தால் உண்டு, அழி போட்டு அடைத்துவிட்டால் இல்லை. ஐந்தடிப் பாதை என்று பெயர்பெற்ற அந்தத் தாழ்வாரமோ, சொந்தக்காரன் தன் நிலத்தில், தன் செலவில் கட்டி, ஊராருக்கு விட்டுக்கொடுக்கவேண்டிய கடமை. பிற்காலத்தில் இதே முறை பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தென்சீனத் துறைமுகங்களிலும் பரவிற்று. உலகமெல்லாம் ஒரே மாதிரிக் கட்டிடம் முளைப்பது இந்தக் காலத்து வியாதி என்று நாம் எண்ணுகிறோம். கப்பல் போன இடமெல்லாம் கட்டிட முறையும் கூடவே போயிருக்கிறது.

அந்தக் கட்டிடங்களில் நம்மவர் கையும் பட்டிருக்கிறது. 1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்து சேர்ந்த நாராயண பிள்ளை என்பவர், ஊரில் கட்டிடம் கட்டச் செங்கல் இல்லை என்பதைக் கண்டு, தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்று சுதைக் கோபுரத்தோடு விளங்கும் மாரியம்மன் கோயிலை 1827-இல் மரத்தாலும் ஓலைக் கூரையாலும் முதன்முதலில் எழுப்பியவரும் அவரே. அடுத்த தலைமுறையில், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அதன் உட்சுவருக்கு அவர்கள் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் கலந்து பசையாக அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசி உலர்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த மெருகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீதியோரத்தில் வரிசை வரிசையாக எழுந்த கட்டிடத்துக்குக் கடைவீடு என்று பெயர்: கீழே கடை, மேலே குடித்தனம். முகப்பு நாலைந்து மீட்டர் அகலந்தான் இருக்கும்; உள்ளேயோ ரயில் வண்டிபோல் நீண்டுகொண்டே போகும். இருட்டையும் புழுக்கத்தையும் போக்க நடுவில் ஒரு முற்றம். முகப்பின் ஐந்தடி நிழலிலோ ஒரு தனி உலகமே குடியேறிற்று. நாவிதன் நாற்காலி போட்டான். செருப்புத் தைப்பவன் சாக்கை விரித்தான். கடிதம் எழுதிக் கொடுப்பவன் மேஜையும் மையும் வைத்துக்கொண்டான். கடைக்காரர்கள் தங்கள் மூட்டைகளை வெளியே அடுக்கினார்கள். நடப்பதற்கென்று ஏற்பட்ட பாதையில் நடக்கத்தான் இடமில்லை. நகரசபை, சட்டத்தைக் காட்டி, 1888 பிப்ரவரியில் பாதைகளைக் காலி செய்ய முனைந்தபோது, கடைகள் அடைக்கப்பட்டன, வீதிகளில் கல் பறந்தது, ஊர் ஸ்தம்பித்தது. கடைசியில் ஏற்பட்டது ஒரு சமரசம்: ஆள் நடக்க இடம் விட்டால் போதும், மற்றதைக் கண்டுகொள்வதில்லை. கலகக்காரர்கள் சட்டப்படி தவறு செய்தவர்கள்தாம். ஆயினும் அந்தச் சமரசத்தினால்தான் ஐந்தடிப் பாதை வெறும் பாதையாக இல்லாமல் ஊரின் கூடமாக அரை நூற்றாண்டுக்கும் மேல் விளங்கிற்று.

கடைவீட்டின் உட்புறத்தில் நடந்தது வேறு கதை. துறைமுகம் கொழுக்கக் கொழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டிடங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஜன்னலே இல்லாத அறைகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வாடகைக்கு விட்டார்கள். 1907-இல் டபிள்யூ. ஜே. சிம்ப்ஸன் என்னும் சுகாதார நிபுணர் எழுதிய அறிக்கை, வெளிச்சமும் காற்றும் நுழையாத இந்தப் பொந்துகளையும் அவற்றில் வளர்ந்த க்ஷயரோகத்தையும் கண்ணுக்கு முன் கொண்டுவந்து நிறுத்திற்று. இருபது வருஷம் கழித்து, 1927-இல், சிங்கப்பூர் அபிவிருத்தி டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் தோன்றி, முப்பத்திரண்டு வருஷங்களில் சுமார் 23,000 வீடுகளைக் கட்டிற்று. அதற்குள் ஜனத்தொகை பதினாறு லட்சத்தை எட்டிவிட்டது. இடம் கிடைக்காதவர்கள் ஊரின் புறத்தே சதுப்பிலும் மேட்டிலும் பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகக் கம்பங்கள் என்னும் குடிசைக் கிராமங்கள் அமைத்துக் குடியேறினார்கள்.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டது. மறு வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று பிற்பகலில், புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் பற்றிய தீ, சுமார் பதினாறாயிரம் பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கிற்று. எரிந்த நிலத்தை அரசாங்கம் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டது. குடிசைகள் சாம்பலானதனால் நிலத்துக்காரருக்கு லாபம் கிடைக்கலாகாது என்பது வாதம். ஒரு வருஷத்துக்குள் அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் ஜனங்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1966-இல் நிறைவேறிய நில எடுப்புச் சட்டம் இந்த அதிகாரத்தைத் தீவு முழுவதற்கும் விரித்தது. 1968 முதல் தொழிலாளர்கள் தங்கள் மத்திய சேமநிதியிலிருந்தே வீட்டின் விலையைக் கட்டலாம் என்று ஆயிற்று. சிங்கப்பூர் அற்புதம் என்று பிற தேசத்தார் வியந்து பேசுவதன் உள்ளே இருப்பவை இந்த இரண்டு சட்டங்கள்தாம். நிலத்தை மலிவாக எடுக்கும் பலம் இல்லாத அரசாங்கங்கள் அந்த அடுக்குமாடிகளின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தங்கள் ஊரில் நகல் எடுக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

யோசனை சொன்னவர்களோ உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். 1963-இல் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய மூவரில் ஒருவரான ஆட்டோ கோனிக்ஸ்பர்கர், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, மைசூர் சமஸ்தானத்தில் அரசாங்கக் கட்டிடக் கலைஞராக இருந்து, சுதந்திர இந்தியாவில் புவனேசுவரத்துக்குத் திட்டம் வரைந்தவர். தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்பு வனத்தைத் தொடாமல் அதைச் சுற்றி மாலைபோல் புதுநகரங்களைக் கோக்கும் யோசனையை அந்த மூவரும் முன்வைத்தார்கள்; 1971-ஆம் வருஷத்து நகரத் திட்டத்தில் அதன் சாயலைக் காணலாம்.

கம்பத்திலிருந்து மாடிக்குப் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பன்றி வளர்த்தவர்கள் சிலர் தங்கள் பன்றிகளையும் படியேற்றி அழைத்துப் போக முயன்றதை அப்போது பிரதமராக இருந்த லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். சிக்கனத்துக்காக, மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. மூன்று நான்கு மாடிக்கு ஒரு தடவை நிற்கும். இறங்கி, நீண்ட நடைத்தாழ்வாரத்தில், பத்து வீட்டு வாசலைக் கடந்து, பிறகு படியேறியோ இறங்கியோ தன் வீட்டை அடைய வேண்டும். அந்தப் பத்து வீட்டுக் கதவுகளும் திறந்திருக்கும். ஒரு வாசலில் மாவிலைத் தோரணம், அடுத்ததில் ஊதுவத்திக் கலயம், அதற்கடுத்ததில் வரிசையாகச் செருப்புகள். வயதானவர்களுக்கு அது பெருந்தொல்லை. 2001-க்குப் பிறகு பெருஞ்செலவில் மின்தூக்கியை மாடிதோறும் நிற்கச் செய்தார்கள். செய்தது சரியே. ஆனால் அண்டை வீட்டுக்காரரின் முகம் தெரிவதற்கு அந்தத் தொல்லையும் ஒரு காரணமாக இருந்தது என்பதை எந்த என்ஜினீயரும் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

1970-களில்தான் பழைய ஐந்தடி நிழல் புது உருவத்தில் திரும்பிற்று. அடுக்குமாடியின் தரைத்தளத்தில் வீடே கட்டாமல், தூண்களை மட்டும் நிறுத்தி, முழுவதையும் திறந்த வெளியாக விட்டார்கள். ஒவ்வோர் அடுக்குமாடியின் காலடியிலும் இவ்வாறு கூரையுள்ள மைதானம் ஒன்று உண்டாயிற்று. காலையில் கிழவர்கள் சதுரங்கக் கோடு பதித்த கல்மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்; சனிக்கிழமை அதே இடத்தில் மலாய்க் கல்யாணம், பந்தி பரிமாறி, வாத்தியம் முழங்கும்; வேறொரு நாள் சீனர் வீட்டுச் சாவுக்கு வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாளோ ஐந்து நாளோ உறவினர் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மூலையில் மாமாக் கடை, ஒற்றை வெங்காயம் முதல் கொசுவத்தி வரை விற்கும். எந்த அடுக்குமாடியில் எந்த இனத்தார் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை 1989 முதல் விகிதாசார விதி ஒன்று நிர்ணயிக்கிறது. ஆகவே தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது என்ற நிலை சில இடங்களில் நேர்ந்து, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு முணுமுணுப்பவர்களும் உண்டு. ராஃபிள்ஸ் இனத்துக்கு ஒரு தெருவாகப் பிரித்தார். கழகம் கணக்குப் போட்டுக் கலந்தது.

பழைய வியாபார நகரத்தின் கதி என்ன ஆயிற்று என்பதற்கு மார்க்கெட் வீதி ஒன்றைச் சொன்னால் போதும். அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில், இரு சுவரோரமும், ஆளுக்கு ஒரு மேசைப்பெட்டியும் ஓர் இரும்புப் பெட்டகமும். அவ்வளவுதான் ஒரு கடை. பகலில் தரையில் சம்மணமிட்டு, ரப்பர்த் தோட்டக்காரருக்கும் சின்ன வியாபாரிக்கும் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும், இரவில் அந்த இடத்திலேயே பாயை விரித்தார்கள். நகர மறுசீரமைப்பின்போது கிட்டங்கிகள் போயின. 1984-இல் அதே வீதியில் வாகனம் நிறுத்தவும் ஜனங்கள் சாப்பிடவும் ஒரு மாடிக் கட்டிடம் எழுந்தது. அதுவும் 2017-இல் இடிபட்டு, அந்த இடத்தில் இன்று கேப்பிட்டாஸ்ப்ரிங் என்ற 51 மாடிக் கோபுரம் 280 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. டென்மார்க் தேசத்து பியார்க்கே இங்கெல்ஸின் கூட்டத்தாரும் இத்தாலிய கார்லோ ராட்டியும் வடிவமைத்தது. அதன் நடுமாடிகளில் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு தோட்டம் தெரிகிறது. அதை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கோ, இடிபட்ட கட்டிடத்திலிருந்த உணவங்காடிக்கு இந்தக் கோபுரத்தின் இரண்டாம் மூன்றாம் மாடியில் மறுபடி இடம் கொடுத்ததே தோட்டத்தைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது. 1888-இல் கல்லெறிந்து வாங்கவேண்டியிருந்த சலுகையை இப்போது கட்டிட அனுமதியிலேயே எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்கும் வேண்டிய நிலமும் மணலும் எங்கிருந்து வந்தன? சுதந்திரத்துக்கு முன் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவின் விஸ்தீரணம், கடலைத் தூர்த்துத் தூர்த்து, இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. மலேசியா 1997-இலும் இந்தோனேசியா 2007-இலும் கம்போடியா 2017-இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. இந்தோனேசியாவின் தடை வந்தபோது சிங்கப்பூரில் கான்கிரீட் விலை ஏறி, அரசாங்கம் சேமித்து வைத்திருந்த மணல் மேட்டைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஓர் ஊரின் கரை நீள, இன்னோர் ஊரின் ஆற்றுப்படுகை பள்ளமாகிறது. பாலாற்றங்கரை மனிதர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இடிப்பதில் காட்டிய துரிதத்தைக் கண்டு தானே அஞ்சியதுபோல், அரசாங்கம் 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. இன்று ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுதை வேலையும் பூ ஓடுகளும் புதுக் கருக்கு அழியாமல் மின்னுகின்றன. ஐந்தடிப் பாதையும் இருக்கிறது. அதில் நாவிதன்தான் இல்லை. வாடகை ஏறியதும் பழைய குடிகள் புதுநகரங்களுக்குப் போய்விட, பல கடைவீடுகளில் விளம்பரக் கம்பெனிகளும் காப்பிக் கடைகளும் வந்து அமர்ந்தன. ஓரளவு உயிரோடு இருப்பது, தேக்கா என்று நம்மவர் அழைக்கும் லிட்டில் இந்தியா ஒன்றே: மாலை கட்டுகிறவர், மளிகைக்காரர், நகைக்கடைக்காரர் இன்னும் பாதையை அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேக்காவை உயிரோடு வைத்திருப்பவர்களில் முக்கியமானவர்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து கூடும் தொழிலாளர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போய், மேலே சொன்ன கோபுரங்களுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுகிறவர்கள். ஊருக்குப் பணம் அனுப்பவும், சிநேகிதனைப் பார்க்கவும், நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடவும் வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டும். அருகிலுள்ள அடுக்குமாடிகளின் காலடி நிழலில் உட்கார்ந்தார்கள். குடியிருப்போர் முறையிட்டார்கள்; சில கட்டிடங்களில் கம்பித் தடுப்பு வந்தது. ஊராருக்கென்று விட்ட நிழலில் ஊரார் யார் என்ற 1888-ஆம் வருஷத்து வழக்கு இன்னும் தீரவில்லை.

2013 டிசம்பரில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து அங்கே கலகம் மூண்டது. மறு வருஷம் தீவின் மேற்கோரத்தில், துவாஸில், பதினாறாயிரம் பேருக்கு மேல் தங்கக்கூடிய பெரிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. சினிமாக் கொட்டகையும் கிரிக்கெட் மைதானமும் கடையும் அதற்குள்ளேயே உண்டு. சௌகரியந்தான். ஊருக்குள் வரவேண்டிய அவசியம் இராதபடி செய்த சௌகரியம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2020-இல் கொள்ளைநோய் வந்தபோது, நெருக்கமான அறைகளில் அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தவர்களிடையே அது காட்டுத்தீயாகப் பரவி, சிம்ப்ஸனின் அறிக்கைக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து இன்னொரு பாடத்தை நடத்திற்று. புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்று அதன் பிறகு விதி செய்தார்கள். சொந்த ஜனங்களுக்கு உலகமே மெச்சும்படி வீடு கட்டிக் கொடுத்த ராஜ்யம், விருந்தாளித் தொழிலாளிக்குப் பன்னிரண்டு கட்டில் அறையை முன்னேற்றமாக அறிவிக்கவேண்டி வந்தது.

இப்போது ரயில் நிலையங்களிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவசாலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் கூரையிட்ட நடைபாதை போட்டுவருகிறார்கள். 2013-இல் அறிவித்த திட்டத்தில் மட்டும் சுமார் 200 கிலோமீட்டர். குடை இல்லாமல், நனையாமல், வீட்டிலிருந்து ரயிலுக்குப் போகலாம். ராஃபிள்ஸ் விதித்த நிபந்தனை தீவு முழுவதற்கும் விரிந்துவிட்டது. அந்தத் தூண்களை நட்டுக் கூரை போடுகிற வேலைக்காரர்களில் பலர் இன்றும் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். அந்த லாரிக்கும் மேற்கூரை வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். இருக்கையும் வார்ப்பட்டையும் உள்ள பேருந்தில்தான் அவர்களை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற கோரிக்கை பாராளுமன்றத்தில் பல தடவை எழுந்தும், செலவைக் காரணம் காட்டி அது தள்ளிக்கொண்டே போகிறது.